சம்பந்தியின் பல் இருந்த பெட்டி

பெரியண்ணி நான்கு பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தவர். தந்தை பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். தாய் தையல் வேலை செய்தவர். பள்ளி முடித்தபின் செயற்கைப் பல் செய்யும் தொழில்நுட்பத்தில் பயிற்சி பெற்றார். பயிற்சிக்குப் போன கூடத்திலேயே வேலைக்கு அமர்ந்தார். வேலைக்கு அமர்ந்த கூடத்து முதலாளியின் மூத்த மகனையே மணந்தார். பிள்ளை ஒரு மகள். மகளைக் கொடுத்த வீட்டில் சம்பந்தி, நகர வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிப்பவர். பெரியண்ணிக்குக் கண்ணாடி இரண்டு: ஒன்று தெருவுக்கு, மற்றொன்று கடைவாய்ப் பல்லுக்கு.

இவ்வளவும் ஐயமற்ற செய்திகள். இனி வருபவற்றில் ஒன்றைக் குறித்துக் குடும்பத்தில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு.

அவருக்கு அந்தப் பெயர் வந்த வழி எளியது. கணவர் மூன்று சகோதரர்களில் மூத்தவர். நடுவில் உள்ளவர் வேறு ஊரில் வேறு தொழில் பார்த்தார். கடைசித் தம்பி கூடத்திலேயே இருந்தார். தம்பி கூப்பிட்ட 'பெரியண்ணி'யை அவர் மனைவியான ஓரகத்தி எடுத்துக்கொண்டார். அவரிடமிருந்து வேலை அனுப்பும் பல் மருத்துவர்களும், பார்சல் வாங்க வருபவரும் எடுத்துக்கொண்டார்கள். ஒருமுறை கணவரே தொலைபேசியில், "இருங்க, பெரியண்ணிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடைசித் தம்பிக்குச் சட்டுபுட்டு என்று பெயர். எந்த வேலையையும், "சட்டுபுட்டுன்னு முடிச்சிடலாம் அண்ணி" என்றுதான் அவர் தொடங்குவார். அப்படி முடித்த வேலைகள் பல. முடித்தபின் திரும்பச் செய்த வேலைகள் அவற்றைவிடச் சற்றே அதிகம். கணவருக்குப் பட்டப்பெயர் கிடையாது. பெயர் வைக்கும் அளவுக்கு அவர் வாய் திறந்ததில்லை. பீங்கான் பற்களுக்கு நிறம் தீட்டுவது அவர் பொறுப்பு. மயிரிழைத் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்ததால், பேச அவகாசமும் இல்லை.

கூடம் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளம். முன்னறையில் பார்சல் மேசையும், வந்தவர் உட்கார இரண்டு நாற்காலிகளும். அடுத்த அறையில் கணினித் திரைகள். அதற்கும் உள்ளே பீங்கான் சுடும் உலையும், என்ன துடைத்தாலும் மறுநாள் வெள்ளை பூத்து நிற்கும் ஒரு மேசையும். உலை அறைக்கு மேலேதான் வீடு என்பதால் குளிர்காலத்தில் அந்தக் குடும்பத்தின் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும்.

பல் தொழிலில் ஓர் எண்ணும் முறை உண்டு. எதிரே ஒருவர் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பவரின் இடப்புறம் மேலே இருப்பது ஒன்றாம் பக்கம். வலப்புறம் மேலே இரண்டு. அங்கிருந்து நேரே கீழே இறங்கினால் மூன்று. கீழ்வரிசையிலேயே திரும்பி இடப்புறம் வந்தால் நான்கு. கடிகார முள் சுற்றுகிற வழி. இந்த முறை பெரியண்ணியின் கைக்குள் எப்போது புகுந்தது என்று அவருக்கே தெரியாது. புகுந்தபின் வெளியே வரவில்லை. வீட்டில் நான்கு வாய் அடுப்பு. ஓரகத்தி மணமாகி வந்த புதிதில் பெரியண்ணி மாடிப்படியிலிருந்து, "மூணை அணைச்சிடும்மா, பால் பொங்குது" என்று குரல் கொடுத்தார். எழுத்துப் படிப்பதுபோல் எண்ணிய ஓரகத்தி முன்வரிசையில் இடப்பக்கத்து வாயை அணைத்தார். வலப்பக்கத்தில் பால் பொங்கி, அடுப்பு மேடை முழுவதும் நனைந்து, தரைக்கும் வந்தது. அதன்பின் அந்த வீட்டில் எல்லாரும் வாய்க்கணக்குக்குப் பழகிக்கொண்டார்கள். பழகியதால் அதை யாரும் கவனிப்பதும் நின்றுபோயிற்று.

மகளுக்கு வரன் பார்த்து வந்த அன்று கணவர் வழக்கத்துக்கு மாறாக ஒரு கேள்வி கேட்டார்:

"பையன் எப்படி?"

"அப்பாவுக்கு ஒண்ணாம் பக்கத்து முதல் பல்லு லேசா திரும்பியிருக்கு. நுனியில தேய்மானம் வேற. வாத்தியம் வாசிக்கிறதால இருக்கும்."

"நான் பையனைக் கேட்டேன்."

"அவரு வாயைத் திறக்கவே இல்லைங்க. நல்ல பையனாத்தான் இருப்பாரு."

அந்தத் திரும்பிய பல்தான் பின்னாளில் இக்கதையின் நடுவே வந்து உட்கார்ந்தது.

முன்பெல்லாம் ஒவ்வொரு வாய்க்கும் பிளாஸ்டரில் அச்சு எடுத்து, அலமாரியில் அடுக்கி வைப்பார்கள். அலமாரி சுவரை மறைத்தது. பிறகு சன்னலை மறைத்தது. சன்னல் மறைந்த அன்று பெரியண்ணி ஸ்கேன் கருவி வாங்க முடிவு செய்தார். அதன்பின் வாய்கள் எல்லாம் கணினிக்குள் போயின. அவற்றைச் சேமிக்க ஒரு சிறு பெட்டி; அதற்குள் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு அறைகள்; அறைக்கு ஒரு வட்டு. அவை நான்கும் தனித்தனிச் சேமிப்பிடங்கள் அல்ல. ஒரு கோப்பைத் துண்டுதுண்டாக நறுக்கி, நான்கிலும் வரிசையாகப் பரப்பி வைப்பது அந்தப் பெட்டியின் வேலை முறை. ஒரு வட்டு கெட்டுப்போனாலும் மற்ற மூன்றைக் கொண்டு இழந்ததைக் கணக்கிட்டு மீட்டுவிடலாம் என்பது அதன் சிறப்பு. வரிசை தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

சம்பந்தியின் மேல்வரிசைக்கு ஈறு நோய் வந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். சம்பந்தி நேரே கூடத்துக்கு வந்து, முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, வாத்தியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"பல்லெல்லாம் போயிடுச்சுன்னா நான் வாசிக்கிறது எப்படி சம்பந்தியம்மா? இந்த ரெண்டு முன்பல்லு மேலதான் வாத்தியம் உட்காருது. உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமே விழுந்திருக்கு, பாருங்க. கடையில வாங்கின மாதிரி பளபளன்னு ஒரு வரிசை வச்சுவிட்டீங்கன்னா, நான் சிரிக்கலாம். வாசிக்க முடியாது."

பெரியண்ணி கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். தேய்மானத்தின் பள்ளம் ஒரு மெல்லிய வாய்க்கால்போல் இரண்டு பற்களிலும் ஓடியது. அன்றே ஸ்கேன் எடுத்தார். பல்லின் நிறம் கெடாதிருக்க, எப்போதும் செய்வதுபோல், சுருக்காமல் சேமித்த பெரிய நிழற்படங்களும் எடுத்தார்.

"எடுத்துக்கட்டும் சம்பந்தி. உங்க பல்லு ஒரு நூல் மாறாம உங்க வாய்க்குத் திரும்பி வரும். அது என் பொறுப்பு."

அந்தச் சொல்லை நம்பித்தான் சம்பந்தி மருத்துவரின் நாற்காலியில் போய்ச் சாய்ந்தார். ஈறு ஆறும்வரை வாசிப்பு இல்லை. வாத்தியக் குழு அவருடைய இடத்தில் தற்காலிகமாக வேறொருவரை உட்கார வைத்தது.

அந்த இடைவெளியில்தான் கூடத்தின் பெட்டி நிறைந்தது. வெளியே தனியாக வைத்திருந்த நகல் வட்டு அதற்கும் முன்பே நிறைந்திருந்தது. ஆகவே கடைசி சில மாதங்களின் வாய்களுக்கு வேறு நகல் கிடையாது. சம்பந்தியின் வாய் அந்தச் சில மாதங்களில் அடக்கம்.

"புதுப் பெட்டி வந்தாச்சு அண்ணி" என்றார் சட்டுபுட்டு, அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டே. "பழைய டிஸ்க் நாலையும் கழட்டி, அதே வரிசையில இதுல மாட்டினா தானா அடையாளம் கண்டுக்குமாம். அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் பெரிய டிஸ்க்கா போட்டுக்கிட்டே போகலாம். சட்டுபுட்டுன்னு..."

"அந்த வார்த்தையை மட்டும் இன்னிக்குச் சொல்லாதீங்க தம்பி."

"சொல்லலை அண்ணி. மனசுக்குள்ள வச்சுக்கிறேன்."

பழைய பெட்டியின் அறைகளில் எண் எதுவும் அச்சிடப்பட்டிருக்கவில்லை. பெரியண்ணி அதன் கதவைக் கழற்றி வைத்து, எதிரே நேராக உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, ஒவ்வொரு வட்டின் நெற்றியிலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினார்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒட்டியபின் ஒருமுறை சரிபார்த்தார். கழற்றுமுன் இன்னொரு முறை. மேசையில் வைத்தபின் மறுபடியும். சட்டுபுட்டு கடிகாரத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சை விழுங்கினார்.

புதுப் பெட்டியில் அறைகள் நான்கும் ஒரே வரிசையாக நின்றன, எண்களும் அச்சிட்டிருந்தார்கள். ஸ்டிக்கரின் எண்ணும் அறையின் எண்ணும் பொருந்த, நான்கையும் செருகினார்கள். பெட்டி முனகியது, விளக்குகள் எரிந்தன. திரையில் ஒரு கேள்வி வந்தது: 'புதிய வட்டுகள் காணப்பட்டன. பயன்பாட்டுக்குத் தயார் செய்யவா?'

"கையேட்டைப் பார்க்கிறேன், ஒரு நிமிஷம்" என்று பெரியண்ணி கண்ணாடியைத் தேடினார்.

"தயார் செய்யவான்னு கேட்குது. வேண்டாம்னா சொல்லுவோம்?" என்று சட்டுபுட்டு 'ஆம்' என்பதை அழுத்தினார்.

தெருக் கண்ணாடி போட்டுக்கொண்டு கையேட்டைத் திறந்து, அது சரிப்படாமல் கடைவாய்க் கண்ணாடிக்கு மாறி, பெரியண்ணி படிக்க வேண்டிய வரியைப் படித்தார். தயார் செய்வது என்றால், இருப்பதை அழித்துப் புதிதாகத் தொடங்குவது.

"பிடுங்குங்க தம்பி! கம்பியைப் பிடுங்குங்க!"

சட்டுபுட்டு பிடுங்கிய வேகத்தில் சுவரின் பிளக் பலகையும் பாதி வெளியே வந்தது. ஓர் ஆள் தும்மி முடிக்கும் நேரம்தான் அந்தப் பெட்டி வேலை செய்திருக்கும். அது போதுமாயிருந்தது. பழைய பெட்டியில் திரும்ப மாட்டலாமா என்று சட்டுபுட்டு கை நீட்டியபோது, உள்ளறையிலிருந்து தூரிகையோடு எட்டிப் பார்த்த கணவர் சொன்னார்:

"இனிமே அதை யாரும் தொடாதீங்க."

அந்த வாரத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. மிக நல்ல யோசனையும் அதுவே என்று பின்னால் தெரிந்தது.

சம்பந்தி வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனாலே ஆறு மாதம் பேச்சு ஓடும். இங்கே காணாமல் போனது பல். பெரியண்ணி சட்டுபுட்டுவைத் திட்டவில்லை. அதற்குப் பதிலாக, வீட்டில் யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில் சொன்னார். "அண்ணி, காபி போடவா?" என்றால், "தம்பியைக் கேளுங்க. அவர் 'ஆம்'னு அழுத்துவார்." "அண்ணி, கதவைச் சாத்தவா?" "தம்பி அழுத்திட்டாரான்னு பாருங்க." சட்டுபுட்டு இரண்டே நாளில் இளைத்ததுபோல் தெரிந்தார்.

இழந்த கோப்புகளை மீட்டுத் தருபவர் ஒருவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தார். மருத்துவர்கள் வழியாக அவரைத் தேடிப் பிடித்தார்கள். வட்டுக்காரர் என்று அவரைக் குறிப்பிடலாம். அவர் அறையில் மேசை முழுவதும் வட்டுகள் மூடி கழற்றியும் கழற்றாமலும் கிடந்தன; ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு கம்பி. ஒரு கையால் தாடையைத் தாங்கியபடியே அவர் எப்போதும் பேசினார். அது யோசனையின் அடையாளம் என்று பெரியண்ணி நினைத்தார்.

"ஒரிஜினலை நான் தொட மாட்டேன் மேடம். நாலுக்கும் நகல் எடுத்துக்குவேன். வெட்டுறது ஒட்டுறது எல்லாம் நகல்லதான்."

பெரியண்ணிக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று. கூடத்திலும் மூல அச்சின்மேல் யாரும் அரம் வைப்பதில்லை.

"பிரச்சினை என்னன்னா, இதோட வரிசை என்ன, துண்டு எவ்வளவு பெருசுங்கிற விவரத்தைப் பழைய பெட்டி ஒவ்வொரு டிஸ்க்கோட முன்பக்கத்துலயும் எழுதி வச்சிருந்துச்சு. புதுப் பெட்டி சரியா அந்த இடத்துல கை வச்சிருச்சு. உள்ள எல்லாம் பத்திரமா இருக்கு. எதுக்கப்புறம் எதுன்னு சொல்ல ஆள் இல்லை. இந்த ஸ்டிக்கர் யாரு ஒட்டினது?"

"நான்தான்."

"கழட்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. மூணு தடவை சரிபார்த்தேன் சார்."

வட்டுக்காரர் பெரியண்ணியை ஏற இறங்கப் பார்த்தார். பொய் சொல்லும் முகமாகத் தெரியவில்லை. "அப்போ வரிசையைப் பத்திக் கவலை இல்லை. துண்டு அளவைத்தான் கண்டுபிடிக்கணும். பாதிக் கிணறு தாண்டியாச்சு."

மீதிக் கிணறு நீண்டது. ஒவ்வொரு அளவாகப் பொருத்திப் பார்த்தார். சிறு கோப்புகள் திறந்தன. ஒரு துண்டுக்குள் அடங்கிவிடும் குறிப்புகளும் விலாசங்களும் பளிச்சென்று வந்தன. பெரியவை எதுவும் வரவில்லை. பல் ஸ்கேன்கள் எல்லாம் பெரியவை.

இதற்கிடையில் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா, மாமா சூப் மட்டும் குடிச்சுட்டு சன்னல் பக்கமா பார்த்துட்டே இருக்கார். 'என் பல்லு ஆயிடுச்சான்னு உங்கம்மாகிட்ட கேளு'ங்கிறார். என்ன சொல்ல?"

"நான் சொல்லிக்கிறேன்."

சொல்லும் முன்பே சம்பந்தி வந்துவிட்டார். வாயைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு, ஊரிலிருக்கும் உறவினரை விசாரிப்பதுபோல் கேட்டார்:

"என் பல்லு சௌக்கியமா இருக்கா சம்பந்தியம்மா?"

உள்ளே சட்டுபுட்டு கதவுக்குப் பின்னால் மறைந்தது கேட்டது. பெரியண்ணி எதையும் மறைக்கவில்லை. பெட்டியையும், ஸ்டிக்கரையும், 'ஆம்' என்ற அந்த அழுத்தலையும், வட்டுக்காரரையும் வரிசைப்படி சொல்லி முடித்தார்.

சம்பந்தி கைக்குட்டைக்குள்ளிருந்தே கேட்டார்:

"அப்போ தொலைஞ்சு போச்சா?"

"தொலையலை. உள்ளதான் இருக்கு. வரிசை கலைஞ்சு கிடக்கு."

"அது என் வாயில இருந்தப்பவே வரிசையா இல்லையே" என்றார் சம்பந்தி. தாமே முதலில் சிரித்தார். பிறகு கைக்குட்டையை மடித்தார், மடித்ததை விரித்தார். "என் நாற்காலியில உட்கார்ந்திருக்காரே ஒருத்தர், நேத்துப் போய்க் கேட்டேன். நல்லா வாசிக்கிறார் சம்பந்தியம்மா. சுமாரா வாசிச்சா எனக்குப் பயமே இல்லை. கச்சேரிப் பருவம் தொடங்குறப்போ நான் வந்து உட்காரலைன்னா, அப்புறம் அந்த நாற்காலி அவரோடதுதான்னு குழுத்தலைவர் சொல்லிட்டார்."

"உங்க நாற்காலி உங்களுக்குத்தான்" என்று சொல்ல பெரியண்ணி வாயெடுத்தார். ஏற்கெனவே ஒரு வாக்குக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. சொல்லாமல், காபி கொண்டுவந்து கொடுத்தார். ஆறவைத்துக் கொடுத்தார்.

அவர் போனபின் பெரியண்ணி பழைய பெட்டியை ஒரு பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போனார். கதவு இல்லாத அந்தக் காலிப் பெட்டியால் என்ன பயன் என்று அவருக்கே தெரியாது. சும்மா போக மனமில்லை. வட்டுக்காரர் அதை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, திரையைக் காட்டினார்.

"இதைப் பாருங்க. சுருக்காம சேமிச்ச படம்கிறதால பட்டை பட்டையாவாவது தெரியுது. யாருன்னு தெரியுதா?"

சம்பந்திதான். நெற்றி இருந்தது. கண்கள் இருந்தன. கண்களுக்குக் கீழே சட்டைக் காலர் வந்தது. காலருக்குக் கீழே மூக்கு. இடையிடையே எள்ளைத் தூவியதுபோல் வெறும் புள்ளிகள். வாய் மட்டும் எங்கும் முழுதாக இல்லை.

"எந்த அளவு வச்சாலும் இப்படித்தான் இடிக்குது. வரிசை மட்டும் நிச்சயமா தெரிஞ்சதால இவ்வளவு தூரமாவது வந்தோம்" என்று சொல்லி, வட்டுக்காரர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். குடித்தவர் 'ஸ்ஸ்' என்று தாடையைப் பிடித்துக்கொண்டார்.

அது யோசனையின் அடையாளம் அல்ல என்று பெரியண்ணிக்கு அப்போதுதான் விளங்கிற்று.

"எத்தனை நாளா சார்?"

"அது கிடக்கு மேடம். வேலை முடியட்டும்."

"வாயைத் திறங்க."

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்கு, அந்த நகரத்தில் பலர் கட்டுப்பட்டிருந்தார்கள். வட்டுக்காரரும் திறந்தார். பெரியண்ணி கண்ணாடியை மாற்றி, மேசை விளக்கை வளைத்து, எட்டிப் பார்த்தார்.

"நாலாம் பக்கம், ஆறாவது பல்லு. பெரிய சொத்தை. இதை வச்சுக்கிட்டா ஒரு வாரமா என் வேலையைப் பார்த்தீங்க?"

வட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு கன்னத்தைத் தடவினார். "நாலா? மேல ரெண்டு, கீழ ரெண்டு. நீங்க பார்க்கிறப்போ இது இடது கை கீழ. அப்போ மூணுதானே வரும்?"

"நாங்க அப்படி எண்ண மாட்டோம் சார். சுத்தி வருவோம். இப்படி ஒண்ணு, ரெண்டு, நேரா கீழ இறங்கி மூணு, அப்படியே திரும்பி..."

காற்றில் வட்டம் போட்ட விரல் நான்காவது இடத்துக்குப் போகாமல் நின்றது.

தரையில் பழைய பெட்டி இருந்தது. மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. கதவு இல்லாததால், மருத்துவரின் எதிரே 'ஆ' என்று திறந்த வாயைப்போலவே அது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சார்" என்றார் பெரியண்ணி. குரல் தாழ்ந்துவிட்டது. "இந்தப் பெட்டியில அறைக்கு நம்பர் எப்படிப் போட்டிருப்பாங்க?"

"எழுத்துப் படிக்கிற மாதிரிதான். மேல ஒண்ணு ரெண்டு, கீழ மூணு நாலு. ஏன்?"

"நான் நேரா எதிர்ல உட்கார்ந்து ஒட்டினேன்."

வட்டுக்காரருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு பெட்டியைப் பார்த்தார். பெரியண்ணியின் நின்றுபோன விரலைப் பார்த்தார். தம் கன்னத்தைப் பார்க்க முடியாததால் தொட்டுப் பார்த்தார்.

"மேடம், நீங்க பெட்டிக்குப் பல்லு எண்ணியிருக்கீங்க!"

சொத்தைப் பல்லோடு அவ்வளவு சிரிக்கக் கூடாது. அவர் சிரித்தார், வலியில் 'ஐயோ' என்றார், மறுபடியும் சிரித்தார். பெரியண்ணி சிரிக்கவில்லை. மூன்று தடவை சரிபார்த்ததும் அதே வாய்க்கணக்கில்தான் என்பது அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. தவறான அளவுகோலால் மூன்று முறை அளந்தவருக்கு மூன்று முறையும் ஒரே அளவுதான் வரும்.

வட்டுக்காரர் மூன்றையும் நான்கையும் இடம் மாற்றினார். முன்பு கழித்துக்கட்டிய துண்டு அளவுகளை முதலிலிருந்து பொருத்தினார். முதல் அளவுக்குப் படம் வரவில்லை. அடுத்த அளவுக்கு, காலர் தன் இடத்துக்கு இறங்கியது, மூக்கு ஏறி வந்து கண்களுக்குக் கீழே உட்கார்ந்தது, புள்ளிகள் மறைந்தன. கடைசியில், உதட்டை விரித்துக் காட்டியபடி, ஒண்ணாம் பக்கத்து முதல் பல் லேசாகத் திரும்பியிருக்க, தேய்ந்த வாய்க்காலோடு, சம்பந்தி முழுதாகச் சிரித்தார்.

ஸ்கேனும் திறந்தது. பெரியண்ணி அந்த இரண்டு பற்களையும் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் தூசி இருந்ததாக அவர் சொன்னதை வட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார்.

அங்கிருந்தே கூடத்துக்குத் தொலைபேசினார்.

"தம்பி, எல்லாம் கிடைச்சிடுச்சு."

மறுமுனையில் ஒரு நாற்காலி சரிந்த சத்தம் கேட்டது.

"இன்னொண்ணு. வரிசையை மாத்தி ஒட்டினது நான்தான். மூணும் நாலும் இடம் மாறிப்போச்சு. சரியா ஒட்டியிருந்தா புதுப் பெட்டி பழைய டிஸ்க்னு அடையாளம் கண்டிருக்கும். அந்தக் கேள்வியே வந்திருக்காது. தப்பு என்னோடது."

சரிந்த நாற்காலி நிமிரும் சத்தம் கேட்டது.

"அண்ணி, சத்தம் சரியா கேட்கலை. கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுறேன். அண்ணனும் கேட்கட்டும்."

பெரியண்ணி இன்னொரு தடவை சொன்னார். தெளிவாகவே சொன்னார். ஓரகத்தி பின்னால் கைதட்டியது கேட்டது. அடுப்பு மேடையில் பால் பொங்கிய அந்த நாள் அவருக்கு மறந்திருக்கவில்லை.

குடும்பத்தின் இரண்டு கட்சி அன்றிலிருந்து தொடங்கியது. ஸ்டிக்கர்தான் காரணம் என்பது ஒரு கட்சி. கேள்வி தப்பாகவே வந்திருந்தாலும் படிக்காமல் 'ஆம்' அழுத்தியதுதான் காரணம் என்பது மற்றது. வியப்பு என்னவென்றால், முதல் கட்சிக்குப் பெரியண்ணி தலைமை; இரண்டாவதற்குச் சட்டுபுட்டு. ஒவ்வொருவரும் பழியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்கள். கணவர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவர் சம்பந்தியின் படத்தை முன்னால் நிறுத்திக்கொண்டு நிறம் தீட்டத் தொடங்கியிருந்தார். காபிக் கறை படிந்த அந்த மங்கல் மஞ்சளை அப்படியே கொண்டுவருவதில் அவர் பிடிவாதமாக இருந்தார். வெள்ளையாக வைக்கலாமே என்று சட்டுபுட்டு கேட்டதற்கு, "அவர் பல்லு" என்று மட்டும் சொன்னார்.

பல் வரிசை தயாரானதும் சம்பந்தி வாத்தியத்தோடு வந்தார். மருத்துவர் பொருத்தி அனுப்பியிருந்த வாயோடு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்து, துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருகி இணைத்தார். பார்சல்காரர் வாசலில் நின்றுவிட்டார். சட்டுபுட்டு இம்முறை கதவுக்குப் பின்னால் போகாமல் முன்னாலேயே நின்றார்.

கிளாரினெட் உதட்டுக்குப் போனது. மேல் பற்கள் அதன் முதுகில் இறங்கின. இறங்கிய இடத்தில் நின்றன. முதல் ஸ்வரம் தாழ்வாகவும் கனமாகவும் வந்து அறையை நிறைத்தது. சம்பந்தி மேலே ஏறினார். ஒவ்வொரு படியாக ஏறி உச்சியை நெருங்கும்போது, வாத்தியம் திடீரெனக் 'கீச்' என்று ஒரு கத்து கத்தியது.

பெரியண்ணிக்கு முகம் வெளுத்தது. "எங்க இடிக்குது சம்பந்தி? கொஞ்சம் அரத்தால..."

சம்பந்தி வாத்தியத்தைக் கீழே இறக்கினார். அவர் முகம் முழுவதும் மலர்ந்திருந்தது.

"தொடாதீங்க சம்பந்தியம்மா! இந்த இடத்துல எனக்கு எப்பவும் கீச்சும். இருபது வருஷமா குழுத்தலைவர் திட்டுறார். புதுசா வந்தவருக்கு இது கீச்சவே கீச்சாது. இது என் பல்லேதான்!"

அதன்பின் அவர் வாசித்தது நெடுநேரம். மாடியிலிருந்து ஓரகத்தி இறங்கி வந்தார். கணவர் தூரிகையைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

பருவம் தொடங்கியபோது சம்பந்தி தம் நாற்காலிக்குத் திரும்பினார். நல்லா வாசித்தவரையும் குழுத்தலைவர் விடவில்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டார். வட்டுக்காரரின் நாலாம் பக்கத்து ஆறாவது பல்லுக்கு மருத்துவர் வேர் சிகிச்சை செய்தார். அதற்கான உறை கூடத்திலிருந்து போயிற்று. அதைப் பொருத்திக்கொண்டபின் அவர் தாடையைத் தாங்காமல் பேசத் தொடங்கினார். பேசும்போது உண்மையாகவே யோசிக்கிறாரா என்று கண்டுபிடிப்பது அதனால் கடினமாயிற்று.

புதுப் பெட்டிக்குப் பெரிய வட்டுகள் ஒவ்வொன்றாக மாட்டப்பட்டன. மாட்டும்போது பெரியண்ணி கையேட்டைப் படித்தார். சட்டுபுட்டு, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வெளி நகலுக்குப் பெரிய வட்டும் வந்தது. பெட்டியின் நெற்றியில் பெரியண்ணியின் கையெழுத்தில் இப்போதும் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது: 'இதற்கு வாய் இல்லை.'

அடுப்பை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. மூன்றை அணைக்கச் சொன்னால், இன்றும் முன்வரிசையில் வலப்பக்கம்.

அந்தப் பல் வரிசையோடு சம்பந்தி வாத்தியக் குழுவில் வாசித்தது: பதினோரு ஆண்டுகள்.